தூரமோ?

அந்த ஜெர்மன் சலவைத் தொழிற்சாலையில், விரிப்பைச் சூட்டில் அழுத்துகிற மாங்கல் மெஷினுக்குத் துணி கொடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. படுக்கை விரிப்பின் ஒரு மூலையை கொறற்றி பிடிப்பாள், மற்ற மூலையை யோகம் பிடிப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறி, இழுத்து, சூடான உருளையின் விளிம்பில் சுருக்கமில்லாமல் வைத்தால் மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஒருத்தியின் கை கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய் நடுவில் சிக்கும். சிக்கினால் சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், ஷிப்ட் பொறுப்பாளர் கெர்ஸ்டின் தன் கண்ணாடி அறைக்குள் இருந்து எழும்பி வருவாள்.

அன்றைக்குப் பின்னேரம் மூன்றாவது தரமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றும் கொறற்றியின் பக்கத்தால் வந்த வினை.

யோகம் யாழ்ப்பாணத்து மனிசி, வாய் சும்மா இருக்காதவள். மற்ற நாளென்றால் "என்ன பிள்ளை, ராத்திரி மனுசன் நித்திரை கொள்ள விடேல்லையோ?" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருப்பாள். இப்போது சிக்கிய விரிப்பை இழுத்தெடுத்து அழுக்குக் கூடைக்குள் எறிந்துவிட்டு, கெர்ஸ்டினைப் பார்த்து, தன் கைதான் வழுக்கிவிட்டது என்று ஜெர்மனில் கூசாமல் பொய் சொன்னாள்.

கொறற்றியின் இடது காலுறைக்குள் கைத்தொலைபேசி இருந்தது. துவைத்த துணி இருக்கும் பக்கத்துக்குத் தொலைபேசி கொண்டுவரக் கூடாது. ஆஸ்பத்திரித் துணி, கிருமி தொற்றும் என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அவளுடைய உயிர் முழுக்க இப்போது அந்தக் கணுக்காலில்தான் போய்க் குந்தியிருந்தது. மெஷின் அதிரும்போதெல்லாம் தொலைபேசிதான் அதிர்கிறது என்று நெஞ்சு திடுக்கிடும். வயிற்றுக்குள் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவாள். கதவைச் சாத்திவிட்டுக் காலுறைக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இராது.

அவளுடைய கடைசித் தம்பி பென்ஜமின் மெக்சிக்கோ எல்லையால் அமெரிக்கப் பாலைவனத்துக்குள் போயிருந்தான். போய் ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

வெளிக்கிட முதல் அவன் கடைசியாகத் தொலைபேசி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொறற்றி பூசை முடிந்து வந்து, முருங்கைக்காய்க் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டு நின்றாள். புருஷன் இராயப்பு மேசையில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைத்தார்கள்.

"அக்கா, நாளைக்கு வெளிக்கிடுறம்."

கொறற்றியின் வாயில் உடனே வந்த கேள்வி ஒன்றுதான்.

"தூரமோ?"

"சீச்சீ, கிட்டத்தான். புனிதர் ஒருவற்ற பேர் வச்ச ஊராம். அதுக்குள்ள போயிட்டா ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

புனிதர் பெயர் வைத்த ஊர் என்றதும் அவளுக்கு மனம் குளிர்ந்தது, அதுதான் கூத்து. எந்தப் புனிதர் என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. இராயப்புவும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு வாய் வராது. மன்னாரில் பள்ளிமுனைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். வெளிக்கிடுகிற மனிதனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொறற்றியின் அப்பு ஒருநாள் தோளில் வலையோடு இறங்கும்போது யாரோ வெளியூர் மாஸ்டர் ஒருவர் "எங்க பயணம்?" என்று கேட்டுவிட்டார். அப்பு ஒரு சொல் பேசாமல் திரும்பி வந்து வலையை மரத்தில் கொழுவிவிட்டுப் படுத்துவிட்டார். தூரமோ என்று மட்டும் கேட்கலாம். அது கேள்வி மாதிரியும் இருக்கும், கும்பிடு மாதிரியும் இருக்கும்.

இப்போது அந்தக் கேட்காத கேள்விதான் வீட்டுக்குள் சண்டையாய் மூண்டது. முதல் மூன்று நாள் பேசாமல் இருந்த இராயப்பு நாலாம் நாள் வெடித்தான். இத்தாலியன் ரெஸ்ரோறன்டில் பின்னேரம் முழுக்க அடுப்படியில் நிற்கிற மனிதன், வீட்டுக்கு வந்து அதற்கென்று காத்திருந்தவன் மாதிரி, எந்த ஊர் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று அவளைப் பிடித்து ஏசினான். நீங்களும் பக்கத்தில்தானே இருந்தீர்கள் என்று அவள் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் ஆளையாள் பார்க்கவில்லை.

மகள் யூலியா மியூனிக்கில் படிக்கிறாள். அவள்தான் ஒரு வரைபடத்தை அனுப்பினாள். எல்லையோரத்தில் அவன் கடந்திருக்கக்கூடிய ஊர்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி போட்டிருந்தாள். கொறற்றி கட்டிலில் இருந்து அதை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தாள். சான் லூயிஸ். சான் சிமோன். சான் மனுவேல். சாந்தா ரோசா. சாந்தா குரூஸ். சான் மிகேல். வாசிக்க வாசிக்க, கோவிலில் புனிதர்களின் மன்றாட்டுமாலை சொல்வது போலவே இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் பிறகு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று உதடு தானாக அசைந்தது. அந்தப் பக்கத்தில் புனிதர் பெயர் வைக்காத ஊரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்பெயின்காரன் போன இடமெல்லாம் பேரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஊர்கள் மட்டுமில்லை, கவுண்டி என்றும் ஒன்று இருந்தது. அதுவும் சாந்தா, சான் என்றுதான் தொடங்கியது. அது என்ன என்று கேட்டாள்.

"மாவட்டம் மாதிரி அம்மா. ஒவ்வொரு கவுண்டிக்கும் வேற பொலிஸ், வேற மறியற்சாலை, வேற பிரேத அறை. ஒண்டில விசாரிச்சா மற்றதுக்குத் தெரியாது."

பிரேத அறை என்ற சொல்லை யூலியா பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரிச் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு மறுமுனையில் அவள் மூச்சு நின்றதைக் கொறற்றி கேட்டாள்.

யூலியா ஒவ்வொரு கவுண்டியாக எடுத்து விசாரித்தாள். இங்கே பின்னேரம்தான் அங்கே காலை, அதுதான் அவர்கள் கதவு திறக்கிற நேரம். எந்த ஊருக்குப் பக்கத்தால் வந்தவர் என்று எல்லோரும் முதலில் கேட்டார்கள். தெரியாது என்றால், அப்படியென்றால் எங்கே தேடுவது என்றார்கள். பென்ஜமினுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் அக்காவின் இலக்கம்தான். பதினைந்து வருடமாக அவள் அதை மாற்றவில்லை. அவன் எடுத்தால் அந்தத் தொலைபேசிக்குத்தான் எடுப்பான். அதனால்தான் அது காலுறைக்குள் ஏறியது.

மறுநாள், வியாழக்கிழமை பின்னேரம், இடைவேளையில், யூலியா எடுத்தாள். குரல் சரியில்லை.

"அம்மா, பெஞ்சி மாமாக்கு உடம்பில பச்சை ஏதும் குத்தியிருக்கோ?"

கொறற்றி சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். பச்சை குத்தியிருக்கா என்று உயிரோடு இருக்கிறவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒரு கவுண்டியில் ஆள் ஒன்று எடுத்திருக்கிறார்களாம். வெய்யிலில் நாள்கணக்காகக் கிடந்ததால் முகம் வைத்துச் சொல்ல ஏலாதாம். சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. கழுத்தில் மண்ணிறத் துணித்துண்டு இரண்டு, நூலில் கோர்த்தது. யூலியா அதற்கு மேலே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அது உத்தரியம், மாதாவின் காவலுக்கென்று கத்தோலிக்கர் கழுத்தில் போடுவது. பென்ஜமின் கொழும்பில் விமானம் ஏறுவதற்கு முதல் கொறற்றிதான் மடுமாதா கோவிலில் மந்திரித்ததை ஆள்மூலம் அனுப்பி, கழற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அங்க போற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் போடுறவை அம்மா. மெக்சிக்கோ ஆக்கள், ஹொண்டுராஸ் ஆக்கள், எல்லாரும். நான் அவையிட்டக் கேட்டன்." யூலியா அழுதுகொண்டே சொன்னாள். "ஏதும் தழும்பு இருக்கோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

வலது கணுக்காலில் திருக்கை முள் ஏற்றிய தழும்பு இருந்தது. பன்னிரண்டு வயதில் கரைவலை இழுக்கப் போய் மிதித்தது. கொறற்றிதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவள். அந்தத் தழும்பை இப்போது ஒரு பிரேத அறைக்காரனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. நாளைக்குப் பார்த்துச் சொல்வார்கள் என்றாள் யூலியா.

இடைவேளை முடிந்து மெஷினுக்கு வந்தபோது உருளையின் ஆவி முகத்தில் அடித்தது. வெளியிலும் அன்றைக்கு நல்ல வெக்கை, ஜெர்மன்காரர்கள் நாள்முழுக்க அதைப்பற்றித்தான் கதைத்தார்கள். அந்தப் பாலைவனத்தில் நாற்பத்தைந்து டிகிரியாம். ஒவ்வொரு விரிப்பு உதறும்போதும் கொறற்றிக்கு வெள்ளைத் துணியால் மூடிய ஒரு ஆள்தான் தெரிந்தான். கால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது. அவள் கணுக்காலைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

குனிந்து சிக்கலை எடுக்கும்போது கால்சட்டை விளிம்பு மேலே ஏறிவிட்டது. கெர்ஸ்டின் கண்டுவிட்டாள்.

கெர்ஸ்டின் கெட்டவள் இல்லை. தன் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் தருகிறவள். கண்ணாடி அறைக்குள் கொறற்றியை இருத்தி, தண்ணீர் கொடுத்து, என்ன பிரச்சினை என்று கேட்டாள். தம்பியைக் காணவில்லை என்று கொறற்றி சொன்னாள். எங்கே என்று கேட்டாள் கெர்ஸ்டின். தெரியாது என்றாள். கெர்ஸ்டின் உண்மையாகவே மனம் வருந்தினாள். பிறகு அப்மாணுங் எழுதினாள். அது எச்சரிக்கைக் கடிதம். கொறற்றிக்கு இது இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்பதை அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, விளங்குகிற மாதிரிச் சொன்னாள். அமெரிக்காவில் இருக்கிறவருக்கு இங்கே மெஷினில் நின்று என்ன செய்யமுடியும், இடைவேளையில் பாருங்களேன் என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கொறற்றி தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். உடுப்பு மாற்றும் அறையில் ஆளுக்கொரு இரும்பு அலுமாரி. சாவியைத் தன் உத்தரிய நூலிலேயே கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தும்போது தம்பியை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. வேலையும் போய்விட்டால் என்ன கதி என்ற பயம் ஒருபக்கம், நாளைக்குச் சொல்வார்கள் என்ற அந்த நாளை இன்றைக்குத்தானே என்ற பயம் மறுபக்கம். வேலை தொடங்கின நேரத்திலிருந்து இடைவேளை மணி வரைக்கும் அவள் உதடு செபித்துக்கொண்டே இருந்தது. அது திருக்கை முள்ளாக இருக்கக்கூடாது, அது திருக்கை முள்ளாக இருக்கக்கூடாது.

மணி அடித்ததும் ஓடினாள். வயதான யோகமும் பின்னால் ஓடிவந்தாள்.

தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. நீளமான அமெரிக்க இலக்கம். இரண்டு மணித்தியாலம் முந்தி. குரல்பதிவும் இருந்தது. கொறற்றியின் விரல் பதறி இரண்டு தரம் பிழையாக அழுத்தியது. யோகம் பறித்து, சரியாக அழுத்தி, அவள் காதில் வைத்தாள்.

ஆங்கிலத்தில் ஒரு மெஷின் பெண்ணின் குரல். சான் செபஸ்தியன் கவுண்டி மறியலில் இருக்கும் ஒருவரிடமிருந்து இந்த அழைப்பு வருகிறது, அழைப்பவரின் பெயர் என்று சொல்லிவிட்டு அது ஒரு மூச்சளவு இடைவெளி விட்டது. அழைக்கிறவன் தன் பெயரைச் சொல்வதற்கென்று விட்ட இடைவெளி. அந்த இடத்தில் பென்ஜமின் பெயரைச் சொல்லவில்லை.

"அக்கா, தூரமில்லை."

அவ்வளவுதான். தொண்டை கட்டிப்போன குரல், ஆனால் அவனுடைய குரல். பிறகு மெஷின் திரும்பவும் வந்து, ஏற்றுக்கொள்வதென்றால் ஐந்தை அழுத்தவும் என்றது. கொஞ்சம் பொறுத்து, ஐந்தை அழுத்தவும் என்றது. மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு நின்றது.

கொறற்றி வாங்கில் பலகையில் விழுந்து வாய்விட்டு அழுதாள். இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அதுவும் செபஸ்தியார் பேரில் இருக்கிற ஊரில். மன்னாரில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கோவில் செபஸ்தியாருடையது. யோகம் சைவக்காரி, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன்ர செபஸ்தியாருக்கு நான் ஒரு மெழுகுதிரி கொளுத்திறன் என்றாள். அப்போதுதான் மற்றவனின் நினைவு கொறற்றிக்கு வந்தது. உத்தரியத்தோடு கிடக்கிறவன். அவனுக்கும் எங்கோ ஒரு அக்கா இருப்பாள். அவளுடைய தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை.

அந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுக்க ஏலாது, மறியலுக்குள் இருந்து வெளியே மட்டும்தான் போகும். யூலியாவிடம் சொன்னதும் அவள் அந்த மறியலின் அலுவலக இலக்கத்தைத் தேடி அனுப்பினாள். தானே கதைப்பதாகவும் சொன்னாள். "நீங்க பதறுவீங்கள் அம்மா. இங்கிலிஷ் வேற."

"இல்ல. நான்தான் கேக்கோணும்."

எடுத்தவள் ஒரு பெண். களைத்த குரல், ஆனால் மரியாதையான குரல். மன்னார் கொன்வென்டில் படித்த ஆங்கிலம் இருபது வருட ஜெர்மனுக்குக் கீழே எங்கோ கிடந்தது. கொறற்றி அதைத் துழாவித் துழாவி எடுத்தாள். என் தம்பி, பென்ஜமின், உங்களிடம் இருக்கிறான், இன்று காலை எனக்கு எடுத்தான் என்றாள். நடுவில் தயவுசெய்து என்பதற்கு 'பிட்டே' என்று ஜெர்மனும் வந்து விழுந்தது. அந்தப் பெண் பிறந்த திகதி கேட்டாள். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஓம், இருந்தவர் என்றாள் அவள். இப்போது இல்லை. சற்று முன்னம்தான் அவரை ஏற்றின பஸ் வெளிக்கிட்டது.

இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் அவன் எடுத்தது அதற்காகத்தான். ஏற்றுவதற்கு முதல் ஒரு அழைப்பு எடுக்கலாம் என்று விட்டிருப்பார்கள். அந்த நேரம் கொறற்றி ஒரு விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எங்க?" என்று தமிழில்தான் முதலில் வந்தது. தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில் அவளே திடுக்கிட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கே? எங்கே கொண்டுபோகிறீர்கள்?

அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, மேடம். பயணத்தில் இருக்கிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் சொல்வதில்லை. பாதுகாப்புக் காரணம்.

எந்த ஊர்? எந்தக் கவுண்டி? எந்தப் புனிதர் என்றுகூட அவள் கேட்டிருப்பாள், அதற்கு ஆங்கிலம் வரவில்லை. அவனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான், அதே மரியாதையோடு. போய்ச் சேர்ந்தபிறகு அவரே அழைப்பார், உங்கள் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள்.

உடுப்பு மாற்றும் அறையின் கதவைத் திறந்துகொண்டு கெர்ஸ்டின் தலையை நீட்டினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். யோகம் அவளுக்கு முன்னால் போய் நின்று மறைத்தாள்.

கொறற்றிக்குக் கேட்பதற்கு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகினது.

"தூரமோ?" பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.

விசைகளைத் தட்டும் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெண், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

ஓம் மேடம், சரியான தூரம் என்றாள்.

மணி அடித்தது. கொறற்றி தொலைபேசியை அலுமாரியின் மேல்தட்டில், உடுப்புக்கு மேலே, திரை தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தாள். இருட்டுக்குள் அதை யார் பார்ப்பது என்று அவளுக்கும் தெரியும். கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவி உத்தரியத்தோடு சேர்ந்து சட்டைக்குள் விழுந்தது, நெஞ்சில் குளிர்ந்தது.

மெஷின் சூடேறியிருந்தது. அந்தப் பக்க மூலையை யோகம் பிடித்திருந்தாள், இந்தப் பக்க மூலையை அவள் பிடித்தாள். உதறினார்கள், இழுத்தார்கள், வைத்தார்கள். விரிப்பு நேராகப் போனது. அடுத்ததும் நேராகப் போனது. அன்றைக்கு வேலை முடியும்வரை சிவப்பு விளக்கு ஒருதரமும் எரியவில்லை. கண்ணாடி அறைக்குள் இருந்து கெர்ஸ்டின் அவளைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.